வளர்ச்சி ஏதும் இல்லை

சிறுநீர்க் குப்பி ஆய்வகத்துக்கு வந்ததும் டெக்னீசியன் கையில் எடுப்பது முனையில் சிறு வளையம் கொண்ட ஒரு கம்பியை. லூப் என்பார்கள். அதைச் சிறுநீரில் நனைத்து எடுத்தால் வளையத்துக்குள் ஒரு மைக்ரோலிட்டர் தங்கும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை அகார் தட்டின்மீது கோடுகோடாக இழுத்து, 35லிருந்து 37 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றில், ஓர் இரவு வைத்துவிடுவார்கள். ரத்த அகார், மெக்கான்கி அகார் என்ற இரண்டும் உலகெங்கும் வழக்கத்தில் உள்ளவை. நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் சிஎல்இடி அகார் தட்டு பயன்படுகிறது. மறுநாள் காலை தட்டில் காலனிகள் முளைத்திருந்தால் எண்ணிக் கணக்குப் போடுவார்கள். முளைக்காவிட்டால் அறிக்கையில் 'நோ க்ரோத்' என்று அச்சாகும்: வளர்ச்சி ஏதும் இல்லை.

நல்ல சோதனை இது. மலிவானது, விரைவானது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை பாக்டீரியா நிறைய இருந்தால் இதன் கண்ணுக்குத் தப்பாது. காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதை இது இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடும்.

ஆனால் அந்த ஒரு மைக்ரோலிட்டரை நினைத்துப் பாருங்கள். தட்டில் ஒரே ஒரு காலனி முளைக்க வேண்டுமென்றாலே ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ ஆயிரம் பாக்டீரியாக்கள் இருந்தாக வேண்டும். நூறோ இருநூறோ இருந்தால் பெரும்பாலும் லூப்பில் ஒன்றுகூட ஏறாது. ஏறினாலும், சில இனங்கள் கண்ணுக்குத் தெரியும் காலனியாக வளர இரண்டு நாள் எடுக்கும். சிலவற்றுக்கு ஆக்சிஜனே ஆகாது. சிலவற்றுக்குக் கரியமில வாயு கூடுதலாக வேண்டும். ஆக, 'நோ க்ரோத்' என்ற அறிக்கை உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: இந்த அளவில், இந்த உணவில், இந்தக் காற்றில், இந்த ஓர் இரவுக்குள் எதுவும் முளைக்கவில்லை. இதிலிருந்து 'சிறுநீர்ப்பையில் எதுவுமே வாழவில்லை' என்ற முடிவுக்கு மருத்துவம் தாவியது. நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்கள் அதை ஒப்பித்தன. அந்தத் தாவலுக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த நம்பிக்கையின் வேர் சிறுநீரகவியலில் இல்லை. 'உயிர் தானாகத் தோன்றுமா' என்ற பழைய வழக்கில் இருக்கிறது. 1860களில் லூயி பாஸ்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் உடலிலிருந்து நேரடியாக, தூசி படாமல், சுத்தமான குடுவையில் எடுத்து மூடி வைத்தார். அவை கெடவில்லை. காற்றிலுள்ள கிருமிகள் உள்ளே நுழையாதவரை எந்த உடல் திரவத்திலும் உயிர் தானாக முளைக்காது என்பதற்கு இதை அவர் சான்றாக்கினார். ஸ்காட்லாந்தில் ஜோசப் லிஸ்டரும் வளைந்த கழுத்துள்ள குடுவைகளில் சிறுநீரை வைத்து அது மாதக்கணக்கில் தெளிவாக இருப்பதைத் தன் மாணவர்களுக்குக் காட்டினார். 1876இல் லண்டனில் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் என்ற மருத்துவர், கொதிக்கவைத்த சிறுநீரின் அமிலத்தைப் பொட்டாஷ் கொண்டு சமன்செய்தால் அதில் பாக்டீரியாக்கள் தோன்றுகின்றன என்று எதிர்வாதம் வைத்தார். பாஸ்டரின் குழு திரும்பத் திரும்பச் சோதித்து, 100 டிகிரி கொதிநிலையிலும் சாகாத வித்துகள் உண்டு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குழுவின் சார்ல்ஸ் ஷாம்பர்லாண்ட் 1879இல் உருவாக்கிய ஆட்டோகிளேவ் இன்று உலகின் எல்லா அறுவை அரங்கிலும் இருக்கிறது.

சிறுநீரைச் சுற்றி நடந்த அந்தச் சண்டை மருத்துவத்துக்கு இவ்வளவு நன்மை தந்தது. ஆனால் யாரும் அப்போது சிறுநீர்ப்பையில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்கவில்லை. குடுவை தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. கலங்காத குடுவை, 'உடம்புக்குள் சிறுநீர் கிருமியற்றது' என்ற பொதுவிதியாகப் பிறகு மாறிவிட்டது. வேறொரு வழக்குக்காகக் கொண்டுவந்த சாட்சி, கேட்கப்படாத கேள்விக்கும் பதிலாக நின்றுவிட்டது.

அடுத்த திருப்பம் 1956இல். பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் நடைமுறைச் சிக்கல் ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார். கழித்துப் பிடிக்கும் சிறுநீரில் தோலிலிருந்தும் யோனியிலிருந்தும் பாக்டீரியாக்கள் கலந்துவிடும். அப்படியானால் உண்மையான தொற்றை எப்படிப் பிரித்தறிவது? சிறுநீரகத் தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருந்தன. தொந்தரவு இல்லாத பெரும்பாலான பெண்களுக்கு அதைவிட மிகக் குறைவு. எனவே ஒரு லட்சம் என்பதை அவர் எல்லைக்கோடாக வைத்தார். அவர் அளந்த நோய்க்கு அது சரியான கோடு. பிறகு அதே கோடு எல்லா நோயாளிகளுக்கும் இழுக்கப்பட்டது. நீர்க்கடுப்போடு துடிக்கும் பெண்ணுக்குத் தொண்ணூறாயிரம் வந்தாலும் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று ஆனது.

1982இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழு அந்தக் கோட்டைச் சோதித்துப் பார்த்தது. கடும் நீர்க்கடுப்போடு வந்த பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாகச் சிறுநீர் எடுத்தார்கள். பையில் ஈ. கோலை வகைக் கிருமி உண்மையிலேயே இருந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேரை மட்டுமே ஒரு லட்சக் கோடு அடையாளம் கண்டது. மறுபாதி 'தொற்று இல்லை' என்ற பக்கம் விழுந்தார்கள். அறிகுறியுள்ள பெண்ணுக்கு மில்லிலிட்டருக்கு நூறு இருந்தாலே போதும் என்றது அவர்களின் முடிவு. அந்த நூறைத்தான் ஒரு மைக்ரோலிட்டர் லூப் பெரும்பாலும் தவறவிடும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் ரோசலிண்ட் மாஸ்கெல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னும் ஒரு படி போயிருந்தார். கல்ச்சரில் ஒன்றும் வராமல், 'யூரித்ரல் சிண்ட்ரோம்' என்ற முத்திரையோடு அலைந்த பெண்களின் மாதிரிகளைக் கரியமில வாயு கூட்டிய காற்றில் இரண்டு நாள் வைத்தார். லாக்டோபேசில்லஸ் உள்ளிட்ட மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் முளைத்தன. அவையே வலிக்குக் காரணம் என்று 1979 முதல் அவர் எழுதினார். மற்றவர்கள் ஏற்கவில்லை, ஆரோக்கியமான பெண்களிடமும் அவை காணப்படுகின்றனவே என்று மறுத்தார்கள். இன்று திரும்பிப் பார்க்கையில் இரு தரப்பும் உண்மையின் ஒரு பகுதியைப் பிடித்திருந்தன என்று தோன்றுகிறது. பாக்டீரியாக்கள் இருந்தன, மாஸ்கெல் சொன்னது சரி. அவை நலமான பெண்களிடமும் இருந்தன. மறுத்தவர்கள் சொன்னதும் சரி. அப்படியானால் அவை அங்கே இயல்பாகக் குடியிருப்பவையோ என்ற மூன்றாவது சாத்தியத்துக்கு மட்டும் அந்த விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை. சிறுநீர்ப்பை கிருமியற்றது என்பது இரு தரப்புக்குமே கேள்விக்கு அப்பாற்பட்ட தொடக்கப்புள்ளியாக இருந்தது.

அந்தத் தொடக்கப்புள்ளி எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு மனித நுண்ணுயிர்த் திட்டமே சான்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2007இல் தொடங்கிய இந்தப் பெருந்திட்டம் 242 ஆரோக்கியமானவர்களின் உடலில் எங்கெங்கே எந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று வரைபடம் போட முனைந்தது. தோல், வாய், மூக்கு, குடல், யோனி என்று பட்டியல் போனது. சிறுநீர்ப்பை அதில் இல்லை. காலியான வீட்டுக்கு யார் கணக்கெடுக்கப் போவார்கள்?

*

திட்டத்தின் பெரிய முடிவுகள் வெளிவந்த 2012ஆம் ஆண்டிலேயே, சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அங்கே ஆலன் வுல்ஃப் ஈ. கோலையின் உள்வேலைகளைப் படித்துவந்த நுண்ணுயிரியலாளர். லிண்டா ப்ரூபேக்கர் பெண்களின் சிறுநீர்க் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் அறுவை மருத்துவர். இருவரின் குழுவும் சேர்ந்து பெண்களிடமிருந்து மூன்று வழிகளில் சிறுநீர் எடுத்தது: வழக்கம்போலக் கழித்துப் பிடித்தது, கதீட்டர் வழியாக எடுத்தது, அடிவயிற்றில் ஊசி செலுத்திப் பையிலிருந்தே உறிஞ்சியது. மூன்றிலும் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைத் தேடினார்கள். கழித்துப் பிடித்ததில் யோனிப் பகுதியின் பாக்டீரியாக்கள் நிறையக் கலந்திருந்தன, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஊசியால் எடுத்ததிலும் பாக்டீரியா டிஎன்ஏ இருந்தது. அது கதீட்டர் மாதிரியோடு பெரிதும் ஒத்துப்போனது. வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று ஊசி மாதிரியைச் சொல்ல முடியாது. தவிர, அதன்பிறகு இந்தத் துறையில் கதீட்டர் மாதிரியை நம்பலாம் என்ற துணிவும் இந்த ஒப்பீட்டால் கிடைத்தது. ஆய்வுக்காக ஒவ்வொரு பெண்ணின் வயிற்றிலும் ஊசி குத்த முடியாதல்லவா.

டிஎன்ஏ இருக்கிறது என்றால் உயிரும் இருக்கிறதா? செத்த பாக்டீரியாவும் டிஎன்ஏ விட்டுச்செல்லும். இந்தக் கேள்வியை லயோலா குழுவே எழுப்பிக்கொண்டு, வளர்த்துக் காட்டப் புறப்பட்டது. வழக்கமான ஒரு மைக்ரோலிட்டருக்குப் பதில் நூறு மைக்ரோலிட்டர் சிறுநீர் எடுத்தார்கள். ரத்த அகாரோடு நிற்காமல், ரத்தத்தைச் சூடாக்கிச் செய்வதால் பழுப்பேறிய சாக்லேட் அகார் போன்ற பலவகைத் தட்டுகளில் பரப்பினார்கள். சிலவற்றைக் கரியமில வாயு கூட்டிய காற்றிலும், சிலவற்றை ஆக்சிஜனே இல்லாத பெட்டியிலும் வைத்தார்கள். ஓர் இரவில் முடிக்காமல் 48 மணி நேரம் காத்திருந்தார்கள். புதுக் கருவி எதுவும் இதில் இல்லை. எல்லாத் தட்டும், எல்லாப் பெட்டியும் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் வேறு மாதிரிகளுக்காக ஏற்கெனவே இருப்பவை. சிறுநீருக்கு அவற்றைப் பயன்படுத்தும் எண்ணம்தான் வராமல் இருந்தது.

2014இல் வெளியான முடிவு இது: 65 பெண்களின் கதீட்டர் மாதிரிகளில் 52இல் பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52இல் 48 மாதிரிகளுக்கு வழக்கமான கல்ச்சர் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை கொடுத்திருந்தது. வளர்ந்தவற்றில் 35 பேரினங்கள், 85 சிற்றினங்கள். லாக்டோபேசில்லஸ் முதலிடம், அடுத்து கோரினிபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ். மாதிரி தந்தவர்களில் 41 பேர் அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்கும் தொந்தரவு உள்ளவர்கள். 24 பேர் அது இல்லாதவர்கள். பாக்டீரியாக்கள் இரு தரப்பிலும் இருந்தன. மாஸ்கெலின் தட்டுகளில் முளைத்தவற்றின் உறவுக்காரர்கள் முப்பத்தைந்து ஆண்டு கழித்து இன்னொரு கண்டத்தில் மறுபடி முளைத்திருந்தார்கள். இம்முறை அவர்களை 'வந்து புகுந்தவர்கள்' என்று யாரும் உடனே முத்திரை குத்தவில்லை.

ஆனாலும் சந்தேகம் நியாயமானது. குடலில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கான கோடி பாக்டீரியாக்கள் உண்டு. சிறுநீர்ப்பையில் மில்லிலிட்டருக்கு நூறோ ஆயிரமோ. இவ்வளவு குறைவான இடத்தில், சோதனைக்குப் பயன்படுத்தும் ரசாயனங்களிலேயே ஒளிந்திருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ ஆய்வாளரை ஏமாற்றிவிடும். கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியிலும் பாக்டீரியாக் கூட்டம் இருப்பதாக 2014இல் ஓர் அறிவிப்பு வந்து உலகமே பேசியது. 2019இல் பிரிட்டனில் கவனமாகச் செய்த பெரிய ஆய்வு, அதில் பெரும்பகுதி கலப்படம் என்று காட்டிவிட்டது. சிறுநீர்ப்பை அந்தக் கதியிலிருந்து தப்பியதற்குக் காரணம் அந்த அகார் தட்டுகள். உயிரோடு வளர்ந்து, தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டு, உறைநிலையில் சேமிக்கப்பட்ட பாக்டீரியாவைக் கலப்பட டிஎன்ஏ என்று தள்ள முடியாது. 2018இல் லயோலா குழுவும் பிரிட்டனின் சாங்கர் நிறுவனமும் சேர்ந்து, 77 பெண்களிடமிருந்து எடுத்து வளர்த்த 149 பாக்டீரியாக்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தன. சிறுநீர்ப்பையின் கூட்டம் குடலின் கூட்டத்திலிருந்து வேறுபட்டது, யோனியின் கூட்டத்தோடு நெருங்கிய உறவுள்ளது என்பது அதில் தெளிவானது.

யோசித்தால் இது பொருந்துகிறது. பெண்களின் சிறுநீர்ப் புறவழி நான்கு சென்டிமீட்டர் அளவுதான். யோனியில் அமிலம் சுரந்து மற்ற கிருமிகளை அண்டவிடாமல் காக்கும் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ், அண்டைவீடான சிறுநீர்ப்பையிலும் வாழ்கிறது. ஒரே குடும்பத்தில் குணம் மாறுவதும் உண்டு. சிறுநீரை அடக்க முடியாமல் கசிந்துவிடும் தொந்தரவுள்ள 60 பெண்களையும் அது இல்லாத 58 பெண்களையும் 2014இல் ஒப்பிட்டபோது, கிரிஸ்பேட்டஸ் தொந்தரவு இல்லாதவர்களிடமும், லாக்டோபேசில்லஸ் கேஸ்ஸரி தொந்தரவுள்ளவர்களிடமும் அதிகம் தென்பட்டன. எது காரணம், எது விளைவு என்பதை ஒப்பீடு சொல்லாது. ஆனால் 'நரம்புத் தளர்ச்சி', 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு தொந்தரவுக்குப் பின்னால் தேடிப் பார்க்க வேண்டிய ஓர் உலகம் இருக்கிறது என்பது அன்று தெரிந்துவிட்டது.

*

அந்த உலகில் வாழ்வது எளிதல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெள்ளம் வந்து அடித்துப் போகும். யூரியாவும் உப்பும் ஏறி இறங்கும். பையின் உட்சுவரில் குடைபோல விரிந்த செல்கள், யூரோபிளாகின் என்ற புரதத் தகடுகளால் மூடிய கவசத்தோடு நிற்கும். சிறுநீரில் மிதக்கும் யூரோமாடுலின் என்ற புரதம் ஒன்றும் உண்டு. இகோர் டாமும் ஃபிராங்க் ஹார்ஸ்ஃபாலும் 1950இல் பிரித்தெடுத்தது. ஆரோக்கியமான சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுவே. ஈ. கோலை சுவரைப் பற்றிக்கொள்ளத் தன் உடலிலிருந்து நீட்டும் நார்களின் நுனியில் ஃபிம்எச் என்ற பிடிப்புப் புரதம் இருக்கும். அது மேனோஸ் சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும். யூரோமாடுலின் இழைகளில் அதே சர்க்கரை நிறைந்திருக்கிறது. சுவரென்று நினைத்து ஈ. கோலை அந்த இழையைப் பற்றிக்கொள்ளும். அடுத்த வெள்ளத்தில் இழையோடு வெளியேறிவிடும். நம் உடல் சத்தமில்லாமல் செய்யும் இந்த வேலையை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

தப்பிச் சுவரைப் பிடித்த ஈ. கோலை இன்னொரு காரியம் செய்யும். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரன் குழு எலிகளில் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பாக்டீரியா குடைச் செல்லுக்குள்ளேயே புகுந்து, அங்கே பெருகி, பிதுங்கும் குவியலாகிவிடும். 2007இல் நீர்க்கடுப்புள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களுக்குள்ளும் அந்தக் குவியல்கள் கண்ணில் பட்டன. எலிகளில் சில ஈ. கோலைகள் சுவரின் செல் அடுக்குகளின் ஆழத்துக்குப் போய் வாரக்கணக்கில் அசையாமல் உறங்கும். சிறுநீர் தெளிந்துவிடும். கல்ச்சரிலும் எதுவும் வராது.

அவை ஏன் திடீரென்று விழிக்கின்றன? அதே பல்கலைக்கழகத்தில் நிக்கோல் கில்பர்ட்டும் அமாண்டா லூயிஸும் 2017இல் ஒரு பதில் தந்தார்கள். ஈ. கோலை தொற்றிலிருந்து தேறிய எலிகளின் சிறுநீர்ப்பைக்குள் கார்ட்னெரெல்லா என்ற யோனி பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். அது நிலைக்கவில்லை, சில மணி நேரத்திலேயே அடித்துச் செல்லப்பட்டது. ஆனால் அதற்குள் சுவரின் மேல்செல்கள் உதிர்ந்து, அடியில் உறங்கிய ஈ. கோலை பல எலிகளில் எழுந்துவிட்டது. பிறகு சிறுநீரைச் சோதித்தால் கிடைப்பது ஈ. கோலை மட்டுமே. எழுப்பிவிட்டுப் போனது யாரென்று எந்தத் தட்டும் காட்டாது. மனிதரிடத்தில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது நிறுவப்பட வேண்டியது. ஆனால் மாதாமாதம் நீர்க்கடுப்பு திரும்பி வரும் ஒரு பெண்ணிடம் 'சுத்தமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும். அவள் சுத்தத்தில் குறைவு இல்லை.

வழக்கமான கல்ச்சர் தவறவிடுவது குடியிருப்பவர்களை மட்டுமல்ல. ஏரோகாக்கஸ் யூரினே, ஆக்டினோடிக்னம் ஷாலி போன்றவை முதியவர்களிடம் உண்மையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. மெதுவாக வளர்வதால் தப்பிவிடும். லயோலா குழு 2016இல் 150 பெண்களின் மாதிரிகளை வழக்கமான முறையிலும் தங்கள் விரிவான முறையிலும் சோதித்தபோது, விரிவான முறை கண்ட நோய்க்கிருமிகளில் 67 விழுக்காட்டை வழக்கமான கல்ச்சர் காணவில்லை. கடும் தொந்தரவு உள்ள பெண்களிடமே பாதியைத் தவறவிட்டது. 'ரிப்போர்ட் நார்மல்தான், மனசுதான் காரணம்' என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிய பெண்கள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

*

இதே நம்பிக்கை எதிர்த்திசையிலும் கேடு செய்தது. பை கிருமியற்றது என்றால், அதில் தென்படும் எந்தக் கிருமியும் எதிரி. உடனே கொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வேறு காரணத்துக்காகச் சிறுநீர் சோதித்து, அதில் பாக்டீரியா தெரிந்து, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பது உலகெங்கும் நடந்தது, இன்னும் நடக்கிறது. முதியோர் இல்லங்களில் நெடுநாள் தங்கியிருக்கும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினருக்கு அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் காயம் ஏற்படுத்தும் அறுவைக்குப் போகிறவர்களுக்கும் இதைக் கண்டறிந்து குணப்படுத்துவது அவசியம். மற்ற பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் வழிகாட்டி 2005லிருந்தே சொல்கிறது.

தேவையில்லாதது மட்டுமா? இத்தாலியில் டொமாசோ காய் குழு, அடிக்கடி நீர்க்கடுப்பு வந்துபோகும் இளம்பெண்களில், அறிகுறி இல்லாமல் பாக்டீரியா மட்டும் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தது. 361 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். 312 பேரை அப்படியே விட்டார்கள். ஓராண்டுக்குள், மருந்து சாப்பிட்டவர்களில் 169 பேருக்குத் தொந்தரவுள்ள தொற்று திரும்பியது. மருந்து சாப்பிடாதவர்களில் 41 பேருக்கு. 2012இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள். வயலில் பயிர் நிற்கும்வரை களைக்கு இடம் குறைவு. பயிரோடு சேர்த்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் முதலில் முளைப்பது எது என்று உழுகிறவர்களுக்குத் தெரியும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு பள்ளிச் சிறுமியின் சிறுநீரில் ஓர் ஈ. கோலை மூன்றாண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்ந்தது. 83972 என்று எண்ணிட்டு அதைப் பாதுகாத்தார்கள். மரபணுக்களைப் படித்தபோது, சுவரைப் பற்றும் நார்களை உருவாக்கும் திறனைப் பெரிதும் இழந்திருந்தது தெரிந்தது. பிடிக்காமல், துளைக்காமல், சிறுநீரிலேயே வேகமாகப் பெருகி வாழப் பழகிய பாக்டீரியா. லுண்ட் பல்கலைக்கழகத்தின் கேத்தரினா ஸ்வான்போர்க் குழு, சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாததால் தொற்று திரும்பத் திரும்ப வரும் நோயாளிகளின் பைக்குள் அதை வேண்டுமென்றே குடியேற்றியது. அது இருந்த காலத்தில் நோய் தரும் தொற்றுகள் குறைந்தன. ஈ. கோலையைக் கொண்டே ஈ. கோலையைத் தடுத்தார்கள். ஒரு பாக்டீரியாவின் பெயர் மட்டும் எழுதிய அறிக்கை அது நண்பனா பகைவனா என்று சொல்லாது.

2019இல் உலகில் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஏற்பட்ட தடவைகள் 40 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றே பதில் என்றால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதை நிறுத்த வழியில்லை. அதனால்தான் 1993இல் இஸ்ரேலின் ரவுல் ராஸும், நாம் ஏற்கெனவே சந்தித்த வால்டர் ஸ்டாமும் வெளியிட்ட ஆய்வை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வுகளில் வைப்பேன். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும். யோனிச் செல்களில் கிளைக்கோஜன் குறையும். அதை நம்பி வாழும் லாக்டோபேசில்லஸ் மறையும். அமிலம் குறைந்து ஈ. கோலை குடியேறும். அடிக்கடி தொற்று வரும் 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரியால் க்ரீமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத க்ரீமும் யோனியில் தடவக் கொடுத்தார்கள். மருந்தில்லாத க்ரீம் தடவியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 தடவை தொற்று. ஈஸ்ட்ரியால் தடவியவர்களுக்கு 0.5. ஒரு மாதத்திலேயே அவர்களில் பெரும்பாலோரிடம் லாக்டோபேசில்லஸ் திரும்பியிருந்தது. மற்றவர்களில் ஒருவரிடமும் திரும்பவில்லை. எந்தக் கிருமியையும் கொல்லாத ஒரு க்ரீம் அது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும், அறுபது வயது அம்மாக்களுக்கு மாதாமாதம் ஆன்டிபயாடிக் கொடுக்கும் இடங்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது என்னை வருத்துகிறது. ஹார்மோன் என்றதும் வரும் தயக்கம் புரிகிறது. மார்பகப் புற்று போன்ற முன்வரலாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பேச்சாவது எழ வேண்டும்.

லாக்டோபேசில்லஸையே மருந்தாகக் கொடுத்தால்? 2011இல் ஆன் ஸ்டேபிள்டன் குழு, தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த இளம்பெண்களுக்கு லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸை யோனி வழியாகக் கொடுத்துப் பார்த்தது. கொடுக்கப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், கொடுக்கப்படாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் தொற்று திரும்பியது. நூறு பேரில் செய்த சிறிய சோதனைதான், ஆனாலும் நம்பிக்கை தரும் வேறுபாடு. இதை வைத்துக் கடையில் விற்கும் எந்தப் புரோபயாட்டிக் மாத்திரையும் வேலை செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே சோதிக்கப்பட்டது குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா, குறிப்பிட்ட ஒரு வழியில்.

ராஸும் ஸ்டாமும் லாக்டோபேசில்லஸைத் தேடியது யோனியில். சிறுநீர்ப்பைக்குள் அதைத் தேடும் எண்ணம் 1993இல் யாருக்கும் வந்திருக்காது. லயோலா குழு 2020இல் அந்த விடுபட்ட பகுதியை எடுத்துக்கொண்டது. மாதவிடாய் நின்று, அவசரச் சிறுநீர்த் தொந்தரவோடு இருந்த பெண்களுக்கு யோனியில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, 12 வாரம் கழித்துக் கதீட்டர் வழியாகச் சிறுநீர் எடுத்து, தங்கள் விரிவான முறையில் வளர்த்தது. சிறுநீரில் லாக்டோபேசில்லஸ் கூடியிருந்தது. தொந்தரவும் ஓரளவு குறைந்திருந்தது. கூடியதால் குறைந்ததா, ஈஸ்ட்ரோஜன் சுவரையே வலுவாக்கியதால் குறைந்ததா என்று பிரித்துப் பார்ப்பதே இனி செய்ய வேண்டிய சோதனை.